தண்ணீர் கேட்டவரின் வழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விசுவாசத்தைப் பிறரோடு பகிரும்போது அன்பும் தாழ்மையும் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தாழ்மையைப் பற்றிப் பேச வருகிறவன் தன் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேடையேற வேண்டும். அப்படிப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் தவறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமை தோறும் நண்பர்கள் சிலர் சேர்ந்து மருத்துவமனைகளுக்குப் போய்க் கைப்பிரதிகள் கொடுப்போம். ஒரு வெயில் காலத்தில், நெல்லைச் சீமையில் ஒரு மருத்துவமனையின் மாடி வார்டில் கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டே போனேன். ஒரு கட்டிலில் காய்ச்சல்கார மகன் படுத்திருக்க, அவன் தலைமாட்டில் ஒரு தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கைப்பிரதியை நீட்டினேன். அவள் ஒரு கூஜாவை என் பக்கம் நீட்டினாள்.

"ஏ தம்பி, அந்தப் பேப்பர இங்கன வச்சிட்டு, கீழ கடையில கொஞ்சம் வெந்நி வாங்கிட்டு வாரியாய்யா? பிள்ளைய விட்டுட்டு என்னால நகர முடியலை."

"இன்னும் ரெண்டு வார்டு பாக்கி இருக்கும்மா, முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன் என்பது உண்மை. ஆனால் அதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த கட்டிலில் தன் தகப்பனாருக்குத் துணையிருந்த ஒரு பாய், கீழே போய் வெந்நீர் வாங்கி வந்து கொடுத்திருந்தார். அந்தத் தாய் என் கைப்பிரதியை நாலாக மடித்து மகனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அதில் கடவுளின் அன்பைப் பற்றி அச்சடித்திருந்தது.

நல்ல சமாரியன் கதையை அதற்கு முந்தைய ஞாயிறுதான் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்தக் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன ஆசாரியன் யார் என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

இத்தனை ஆண்டுகளாக அந்தக் கூஜாவைப் பற்றி யோசித்திருக்கிறேன். நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்து. கொடுக்க வருகிறவன் முதலில் வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்கத் தெரியாதவனுக்குச் சொல்லும் தகுதி வராது. நம் விசுவாசத்தின் தலைவரே அப்படித்தான் நடந்தார்.

கிணற்றடியில்

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். உச்சி வேளை. நடந்து களைத்த இயேசு சீகார் என்னும் சமாரிய ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க ஒரு பெண் வருகிறாள். அவர் அவளிடம் முதலில் பேசியது என்ன? குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இந்த வரியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஜீவத் தண்ணீரைப் பற்றிய போதனைக்கு ஒரு முன்னுரை என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே தாகம். கிணறு ஆழம், மொண்டுகொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. அவள் குடத்திலிருந்துதான் அவர் குடிக்க முடியும். யூதர்கள் சமாரியரோடு ஏனம் பானை புழங்காத காலம் அது. இதை நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையே இல்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த நாடு இது. கிணற்றில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று சண்டை போட்ட ஊர்கள் நம்முடையவை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு யூதப் போதகர், தள்ளிவைக்கப்பட்ட சாதிப் பெண்ணிடம், உன் குடத்துத் தண்ணீரைக் கொடு என்று கேட்கிறார். அந்தக் கேள்வியே அங்கே முதல் சுவிசேஷம். அவள் அசந்து போனது அதனால்தான்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பெண் ஊருக்குள் ஓடிப் போய்ச் சாட்சி சொன்னபோது, தீர்ப்பாக எதையும் சொல்லவில்லை. அவர் மேசியாவாக இருப்பாரோ என்று கேள்வியாகத்தான் சொன்னாள். நீங்களே வந்து பாருங்கள் என்று மற்றவர்களின் கண்ணையும் மனதையும் நம்பி விட்டுவிட்டாள். வேத புத்தகத்தில் ஓர் ஊரையே திரட்டிக் கூட்டி வந்த சாட்சி, கேள்விக்குறியோடு முடிகிற சாட்சி.

அடுத்தது, ஊரார் தங்களோடு இருக்கும்படி இயேசுவைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் அங்கே இரண்டு நாள் தங்கினார். எங்கே தங்கியிருப்பார்? சமாரியர் வீடுகளில். எதைச் சாப்பிட்டிருப்பார்? அவர்கள் சமைத்ததை. போதிக்க வந்தவர் அங்கே விருந்தாளி. அவர்கள் விரித்த பாயில் படுத்து, அவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்தவர்.

தரங்கம்பாடி மணலில்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் கரையேறினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பியவர்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சோ. சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. கோட்டையில் இருந்த டேனிய ஆளுநருக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. தங்க இடம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை.

சீகன்பால்கு செய்த ஒரு காரியத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகளோடு தானும் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஐரோப்பாவில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, குருப்பட்டம் பெற்றுவிட்டு வந்தவர், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து அகரம் எழுதுகிறார். உரத்த குரலில் சொல்லிக்கொண்டே விரலை மணலில் அழுத்துகிறார். தவறினால் வாத்தியார் திருத்துகிறார். அந்த மணல்தான் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு திருச்சபையின் முதல் பிரசங்க பீடம் என்பேன்.

வரும்போது அவரும் மற்ற ஐரோப்பியரைப் போல இந்த மக்களை நாகரிகமற்றவர்கள் என்றே நினைத்து வந்தார். மொழி பிடிபட்டு, ஓலைச்சுவடிகளைப் படிக்கத் தொடங்கியபோது அந்த எண்ணம் உடைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வந்து இரண்டு ஆண்டுகளில், தான் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த 1715ஆம் ஆண்டுக்கு முன்னாலேயே, தமிழரின் அறநூல்களைத் தன் நாட்டாருக்குக் கொடுக்க முயன்றவர் அவர்.

அதைவிட முக்கியமான ஒன்று. 1712க்கும் 1714க்கும் இடையில் அவரும் அவருடன் இருந்தவர்களும் தமிழர் பலருக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார்கள். உங்கள் கடவுளைப் பற்றி என்ன நம்புகிறீர்கள், உங்கள் வழிபாடு எப்படி, எங்கள் மதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள். பதில்கள் வந்தன. ஒளிவுமறைவு இல்லாத பதில்கள். கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள், உடல் சுத்தம் தெரியாதவர்கள், சொல்வது ஒன்றும் செய்வது ஒன்றுமாக இருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அவற்றை அவர் ஒளித்துவைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். அவை அங்கே ஹாலே நகரத்தில் அச்சாயின. தன்னைப் பற்றிய குறையைத் தன் ஊர்க்காரர் படிக்கும்படி அச்சிடக் கொடுப்பது சின்னத் தாழ்மையா?

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. தமிழர் வழிபாட்டைப் பற்றிக் கடுமையான சொற்களும் அவர் எழுத்தில் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளை அவர். ஆனால் கேட்கக் கேட்க அவர் மாறினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர் பிராங்கே, இந்த மதத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், பரப்புவதற்கு அனுப்பவில்லை என்ற பொருள்பட மறுத்துவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டு அது பெட்டிக்குள் கிடந்தது. கேட்கத் தெரிந்தவனை அனுப்பியவர்களுக்கு, அவன் கேட்டுச் சொன்னதைக் கேட்க மனம் வரவில்லை.

தஞ்சாவூர்ப் பளிங்கு

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி நிற்கும் சுவார்ட்ஸ் ஆலயத்தையும் பாருங்கள். 1779இல் கட்டியது. உள்ளே ஒரு வெண்பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. மரணப் படுக்கையில் ஒரு முதியவர். அவர் கையைப் பற்றிக்கொண்டு, தலைப்பாகை அணிந்த ஓர் இளைஞர் நிற்கிறார். படுத்திருப்பவர் பிரெடரிக் சுவார்ட்ஸ். நிற்பவர் சரபோஜி மன்னர். அந்தச் சிற்பத்தைச் செய்யச் சொன்னவரும் சரபோஜிதான்.

சுவார்ட்ஸ் 1750இல் தமிழகம் வந்தவர். 1798இல் தஞ்சாவூரில் இறந்தவர். ஏறத்தாழ 48 ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தார். தஞ்சாவூர் மன்னர் துளஜா சாகும் முன், தான் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்தார். அரண்மனைச் சூழ்ச்சியில் அந்தப் பையன் அடைபட்டுக் கிடந்தபோது, அவனுக்காக வாதாடி, அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்து, தகப்பனைப் போல நின்றவர் சுவார்ட்ஸ்.

கவனியுங்கள். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. சுவார்ட்ஸ் நினைத்திருந்தால் அந்த அநாதைச் சிறுவனின் நன்றியை விலையாகக் கேட்டிருக்கலாம். அவன் உயிரே இவர் கையில் இருந்தது. ஆனால் அன்புக்கு அவர் ரசீது கேட்கவில்லை. சரபோஜி சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார்; தன் முன்னோர் வணங்கிய தெய்வங்களை வணங்கினார்; தன்னை வளர்த்த பாதிரியாரின் கையைக் கல்லிலும் விடாமல் பற்றிக்கொண்டார்.

சுவார்ட்ஸ் சொல்லை நாடே நம்பியது. 1779இல் ஆங்கிலேயர் தூது அனுப்ப முனைந்தபோது, ஹைதர் அலி இந்தப் பாதிரியாரை அனுப்பும்படி கேட்டதாகச் சொல்வார்கள். அவர் தன்னை ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கை. போரும் பஞ்சமும் வந்து தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தானியம் வராமல் நின்றபோது, அரசு சொன்ன உறுதிமொழியை நம்பாத குடியானவர்கள், காசு கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் சொன்னதும் வண்டிமாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாக அவர் தூது போனது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். ஒரு விஷயத்தில் வாதம் இல்லை. அவரை நம்பியவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்துக்கு வராதவர்கள். அவர்களிடம் அவர் வாக்கு மாறவில்லை.

நண்பர் நம் மதத்துக்கு வராவிட்டாலும் நம் அன்பு மாறாதிருக்குமா? விசுவாசத்தைப் பகிர்கிற ஒவ்வொருவரும் தனக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டிய உரைகல் இது.

எடின்பரோவில் ஒரு திருநெல்வேலிக் குரல்

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேர். அவர்களில் ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிய இளைஞர்களில் முன்னணியில் நின்றவர். தன் ஊரைவிட்டு, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலுக்குத் தானே மிஷனரியாகப் போய், தெலுங்கு கற்று, ஊர் ஊராக நடந்தவர்.

வெள்ளைக்கார மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்படி அவரைக் கேட்டிருந்தார்கள். அவர் பேசினார். நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு இந்தியத் திருச்சபை என்றும் நன்றி சொல்லும் என்றார். அதற்கு மேல் ஒன்று கேட்டார். நண்பர்களைத் தாருங்கள் என்றார். வீட்டுக்கு அழைத்து ஒரே மேசையில் உட்காரவைக்காத அன்பு, மேலிருந்து கீழே இறங்குகிற அன்பு, அது நட்பாகாது என்பதே அவர் பேச்சின் சாரம். அவையில் சிலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ பேச்சுகள் மறந்துபோன பிறகும், 35 வயதுத் திருநெல்வேலிக்காரரின் அந்த வேண்டுகோள் இன்றும் நினைக்கப்படுகிறது.

1912இல் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். தோர்ணக்கலில் அவருடைய மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்று ஒதுக்கப்பட்ட எளியவர்கள். அவர்களோடு தரையில் உட்கார்ந்து பேசினார். அங்கே அவர் எழுப்பிய பேராலயத்தைப் பார்த்தால், மசூதியின் குவிமாடமும் கோயிலின் தூணும் சிலுவையோடு சேர்ந்து நிற்கும். அக்கம்பக்கத்தாரின் அழகையும் தன் வழிபாட்டுக்குள் வாங்கிக்கொண்ட கட்டடம் அது.

நம் தமிழ்நாட்டிலேயே இந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டிய இருவர் உண்டு. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய டாக்டர் ஜேசுதாசன், டாக்டர் பேட்டன். ஒருவர் தமிழர், மற்றவர் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டு, நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார்கள். ஆசிரமத்தில் தமிழரைப் பெரியண்ணன் என்றும் வெள்ளைக்காரரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். அசரியா எடின்பரோவில் கேட்டதற்கு இந்த முறை அழைப்பே பதில்.

ராஜ்கோட் தெருமுனையும் டர்பன் துறைமுகமும்

காந்தியடிகள் தம் வாழ்க்கைக் கதையில் ஒன்றைக் குறிப்பிடுகிறார். ராஜ்கோட்டில் அவர் பள்ளியில் படித்த காலத்தில், பள்ளிக்கு அருகே ஒரு தெருமுனையில் நின்றுகொண்டு மிஷனரிகள் இந்துக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் இழித்துப் பேசுவார்களாம். ஒரே ஒரு முறை நின்று கேட்டார். அது போதும் என்றாகிவிட்டது. கிறிஸ்தவத்தின் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1914 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் கப்பலிலிருந்து இறங்கினார். சி. எஃப். ஆண்ட்ரூஸ். காந்தி யார் என்று கேட்டறிந்து, குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் அதைப் பார்த்துக் கொதித்தார்கள். அந்த நட்பு ஆண்ட்ரூஸ் 1940இல் இறக்கும்வரை நீடித்தது.

தெருமுனையில் நின்றவர் கிறிஸ்துவின் பெயரை ஆயிரம் முறை உரக்கச் சொல்லியிருப்பார். துறைமுகத்தில் குனிந்தவர் அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கத் தேவையில்லை. சீஷர்களின் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்டவரின் சாயல் யாரிடம் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் சுவர்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தச் சொற்பொழிவு பொய்யாகிவிடும்.

சீகன்பால்கு 1718இல் கட்டிய தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை பருகுவதைவிடச் சாதி பெரிதாக இருந்தது. இது பழங்கதை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். இன்றும் செத்தவர்களைச் சாதி பார்த்துப் புதைக்கிற கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் நம் மாநிலத்தில் உண்டு. சபைத் தேர்தலிலும், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சிலும் சாதி எப்படிப் பேசுகிறது என்பது இந்த அரங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

கிணற்றடியில் சமாரியப் பெண்ணின் குடத்துத் தண்ணீரைக் கேட்டவரை நாம் அறிவிக்கிறோம். நம் பக்கத்துத் தெருவின் குடத்தில் குடிக்க நாம் தயங்கினால், நாம் அறிவிப்பது யாரை? ஊரார் நம் கைப்பிரதியைப் படிப்பதற்கு முன் நம் கல்லறைச் சுவரைப் படித்துவிடுகிறார்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது

சிலர் கேட்கலாம்: அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா, சேவை மட்டும் போதுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த நல்லதைப் பிரியமானவர்களிடம் சொல்லாமல் இருப்பது நட்பாகாது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஒவ்வொரு மனிதருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் எடுத்துச் சொல்லவும் உரிமை தருகிறது. அந்த உரிமையை நாம் காக்க வேண்டும். ஆனால் உரிமை சட்டப் புத்தகத்திலிருந்து வரும், அன்பு அங்கிருந்து வராது. பேதுருவும் தன் நிருபத்தில், நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லிவிட்டு, அதைச் சாந்தத்தோடு செய்யும்படி எழுதுகிறார். கேட்கிறவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். நம் வாழ்க்கையைப் பார்த்து யாராவது கேள்வி கேட்க வேண்டும். பதில் அதன் பிறகு.

வேறு சிலர், காலம் குறுகியது, அவசரம் வேண்டும் என்பார்கள். அந்த அவசரத்தில்தான் நானும் கூஜாவைத் தாண்டிப் போனேன். மூன்று ஆண்டுகளே ஊழியம் செய்தவருக்குக் கிணற்றடியில் உட்கார நேரம் இருந்தது.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையை யோசித்துப் பாருங்கள். எட்டாவது அன்புடைமை. ஒன்பதாவது விருந்தோம்பல். பத்தாவதுதான் இனியவைகூறல். முதலில் அன்பு, அடுத்து இலை போட்டு உபசரிப்பது, அதன் பிறகே பேச்சு. சுவிசேஷம் சொல்லப் போகிறவனுக்கும் இந்த வரிசைதான்.

சில நடைமுறைகளை மாணவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கிக்காதீர்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளி, உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர், உங்கள் வகுப்பில் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பிள்ளை, வெள்ளத்தில் வீடிழந்து உங்கள் சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறவர், இவர்களிடம் உங்கள் சொல் பாரமாக விழும். அவர்களுக்குச் சேவை செய்யுங்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிறர் சமயத்தைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சமயத்தார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஆம், இது நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி பேசுங்கள். அவர்கள் வீட்டுப் பொங்கலையும் நோன்புக் கஞ்சியையும் நன்றியோடு வாங்கிக் குடியுங்கள். சாட்சி சொல்லும்போது உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மற்றவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பதைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணம் தந்த பெரும் போதகர் டி. டி. நைல்ஸ். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் தொடங்கியபோது தொடக்க ஆராதனையில் பேசியவர். 1970இல் நம் வேலூரில் கண்மூடியவர். சுவிசேஷப் பணி என்றால் என்ன என்பதற்கு அவர் சொன்ன உவமை உலகெங்கும் பரவியது. ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனிடம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சொல்வதுதான் அது என்றார். சத்திரம் என்னுடையதல்ல; நானும் பசியோடு வந்து அங்கே இலையில் உட்கார்ந்தவன். பந்தியில் இடம் இருக்கிறது என்று வெளியே நிற்கும் ஒருவரிடம் வந்து சொல்கிறேன். இதற்கு மேல் எனக்கு அதிகாரம் கிடையாது. இதற்குக் குறைவாகச் சொல்ல என் நன்றியும் விடாது.

மாணவச் செல்வங்களே, விடுமுறையில் உங்களில் பலர் ஊழியத்துக்குப் போவீர்கள். போகும் ஊரில் யாரிடமாவது முதலில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். அவர்கள் பாத்திரத்திலேயே வாங்கிக் குடியுங்கள். அவர்கள் கதையை முழுவதும் கேளுங்கள். யாராவது உங்களிடம் ஒரு கூஜாவை நீட்டினால், கையில் இருக்கும் கைப்பிரதிகளைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். மீதி வார்டுகள் காத்திருக்கட்டும்.